பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பு: அரசமைப்பின் முன் நிற்குமா?

வாசகர் கேள்வி – 2025 அக்டோபர் 3

இருபது ஆண்டு கழித்து ஒருவர் மீது பாலியல் புகார் வந்தால் அவர் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வார்? அன்று எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி உண்டா, ரசீது உண்டா? காலவரம்பு என்பது அப்பாவிகளுக்கான சுவர். அரசமைப்பின் பெயரைச் சொல்லி அதை இடிப்பது நியாயமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 3, இரவு

முதலில் அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் வன்புணர்வுக்குக் காலவரம்பு கிடையாது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எந்தக் குற்றத்துக்கும் பொதுவான கெடு இருக்கவில்லை. சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கை பரிந்துரைத்த பிறகு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது நுழைந்தது. பிரிவு 468: அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை சிறை என்றால் மூன்றாண்டு. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கெடுவே இல்லை. இப்போது அது, 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 514. எண் மாறியது, கணக்கு அப்படியே இருக்கிறது.

ஆக, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அப்பாவிக்கு நீங்கள் சொல்லும் சுவர் இல்லை. முப்பது ஆண்டு கழித்தும் அவரைக் கூண்டில் ஏற்றலாம். ஒரு பெண்ணை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து நிம்மதியைக் கெடுத்தவனுக்கு, அது முதல் முறை என்றால், சுவர் உண்டு. சாட்சியம் அழிந்துபோகும் என்பதுதான் காரணம் என்றால் கொலை வழக்கில் மட்டும் அது அழியாதா?

அக்டோபர் 4

"நீங்கள் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பல ஆண்டுகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜரானவள். காலவரம்பு எங்கள் கையில் இருந்த ஆயுதம். புதிய வழக்குக் கட்டு வந்தால் என் சீனியர் முதலில் கேட்பது, "சம்பவ தேதி என்ன, நீதிமன்றம் கோப்பில் எடுத்த தேதி என்ன?" இடையில் மூன்றாண்டு இருந்தால் அவர் மற்ற பக்கங்களைப் புரட்டவே மாட்டார்.

ஒரு வழக்கு மட்டும் சொல்கிறேன். 2013க்கு முந்தையது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 354. அப்போது அதற்கு அதிகபட்சம் இரண்டாண்டு சிறை. எனவே மூன்றாண்டுக் கெடு. அந்தப் பெண் சம்பவம் நடந்த வாரத்திலேயே காவல் நிலையம் போனவர். குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யத்தான் காவல் நிலையத்துக்கு மூன்றாண்டு போதவில்லை. நான் விடுவிப்பு மனு தயாரித்தேன். இரண்டு பக்கம்தான் வந்தது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. அரசு வழக்கறிஞர் எழுந்து நின்று, தாமதத்துக்குக் காரணம் கோப்பில் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனு அனுமதிக்கப்பட்டது.

சட்டப்படி சரியான உத்தரவு. என் கட்சிக்காரர் நிரபராதியாகவே இருந்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. நண்பர் சொல்லும் சுவருக்குப் பின்னால் அப்பாவியும் நிற்கலாம், மற்றவனும் நிற்கலாம். யார் நிற்கிறார் என்று எட்டிப் பார்க்கும் வேலையைத்தான் காலவரம்பு தடுக்கிறது.

அக்டோபர் 4, மாலை

மேலே சொன்ன வழக்கு இன்று நடந்தால் முடிவு வேறாக இருக்கும் என்று ஒரு வழக்கறிஞர் சுட்டியிருக்கிறார். உண்மைதான். 2013 நவம்பரில் சாரா மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நடுவர் கோப்பில் எடுத்த நாள் கணக்கில்லை, புகார் தாக்கலான நாள் அல்லது வழக்கு தொடங்கப்பட்ட நாள்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. காவல்துறை வழக்கில் அது எந்த நாள் என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. பிரிவு 514இல் சேர்த்திருக்கும் விளக்கம் அதையும் முடித்துவைக்கிறது: நடுவரிடம் நேரடிப் புகார் தாக்கலான நாள், அல்லது காவல் நிலையத்தில் தகவல் பதிவான நாள். 2024 ஜூலை 1 முதல் இதுதான்.

காவல்துறையின் சோம்பலுக்குப் பெண் பலியாகும் நிலை குறைந்தது, நல்லது. ஆனால் பேசவே பத்தாண்டு எடுத்துக்கொண்டவருக்கு இந்த விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

அக்டோபர் 6

தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் "அரசமைப்பின் பெயரைச் சொல்லி" என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அங்கே 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 18, பெரும்பாலான குற்றங்களுக்கு இருபது ஆண்டுக் கெடு வைத்திருந்தது. கொலை, வன்புணர்வு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆக வன்புணர்வுக்கு எப்போது வேண்டுமானாலும் வழக்கு. மற்ற பாலியல் தாக்குதல்களுக்கு இருபது ஆண்டோடு கதவு சாத்தப்படும். சிறுவயதில், 1970களிலும் 80களிலும், ஒரே மனிதரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன எட்டுப் பேர் நடுவயதில் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். அரசுத் தரப்பு வழக்குத் தொடர முடியாது என்றது. அவர்கள் பிரிவு 18ஐயே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வழக்கு நடக்கும்போதே, 2017இல், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோனார். அவரைத் தண்டிக்க வழியில்லாமல் போன பிறகும் வழக்கைத் தொடர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2018 ஜூன் 14 அன்று அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. வன்புணர்வுக்கும் மற்றப் பாலியல் குற்றங்களுக்கும் இடையே போட்ட கோட்டுக்குப் பகுத்தறிவுக்கு உட்பட்ட காரணம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடித்தளம். பாதிக்கப்பட்டவரை ஊமையாக்குவது குற்றத்தின் தலைப்பு அல்ல. பயம், அவமானம், குற்றம் செய்தவனுக்கு இருந்த அதிகாரம், தன் மீதே வரும் பழி எல்லாம் இரண்டு வகையிலும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒருவருக்கு ஆயுள் முழுக்க அவகாசமும் இன்னொருவருக்கு இருபது ஆண்டும் எதற்கு? சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுத்தார்கள். திருத்தச் சட்டம் 2021 ஜனவரியில்தான் கையெழுத்தானது. காலவரம்பு பற்றிய சட்டத்துக்கே காலவரம்பு தவறிவிட்டது. தாமதத்தை யார் மன்னித்தார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, பின்னிரவு

தூக்கம் வராததால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பின் விளைவு 1994 ஏப்ரல் 27, அதாவது இடைக்கால அரசமைப்பு நடைமுறைக்கு வந்த நாள், வரை பின்னோக்கிப் போகிறது. 2005இல் கெடு முடிந்து, "இனி நம்மை யாரும் தொட முடியாது" என்று நம்பியிருந்தவரும் அதற்குள் வருவார். எனக்குள் இருக்கும் எதிர்தரப்பு வழக்கறிஞர் இங்கே எழுந்து உட்கார்கிறார்.

அக்டோபர் 7

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே இடத்தில் வேறு பக்கம் திரும்பியது. ஸ்டாக்னர் எதிர் கலிஃபோர்னியா, 2003. குற்றச்சாட்டுக்குரிய காலம் 1955 முதல் 1973 வரை. அப்போதைய கெடு மூன்றாண்டு. எல்லாம் முடிந்து பல ஆண்டு கழித்து, 1993இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், முடிந்துபோன கெடுவையும் சில நிபந்தனைகளுடன் உயிர்ப்பிக்கலாம். 1998இல் வழக்கு. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தது. முன்தேதியிட்ட தண்டனைச் சட்டத்துக்கு அரசமைப்பில் உள்ள தடையை இது மீறுகிறது என்று பெரும்பான்மைக்காக நீதிபதி பிரேயர் எழுதினார். எதிர்த்து எழுதியவர் நீதிபதி கென்னடி.

இன்னும் முடியாத கெடுவை நீட்டுவதற்கு அந்தத் தீர்ப்பில் தடை இல்லை. முடிந்ததை எழுப்பத்தான் கூடாது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் 1969இல், நாஜிக் கொலைகளை விசாரிக்கும் காலம் முடிந்துவிடாமல் நீட்டியது செல்லும் என்றது. ஓடிக்கொண்டிருக்கும் கெடுவை நீட்டுவதில் யாருக்கும் வாக்குக் கொடுத்து ஏமாற்றியதாக ஆகாது.

நம் அரசமைப்பின் பிரிவு 20(1)ஐ வைத்து யோசித்தால், செய்த காலத்தில் குற்றமாக இல்லாததைக் குற்றமாக்கக் கூடாது, தண்டனையைக் கூட்டக் கூடாது என்கிறது. கெடுவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உயிர்ப்பிக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எனக்கு அது உவப்பாக இல்லை. இனி கெடு வேண்டாம் என்பது ஒன்று. முடிந்துவிட்டது என்று அரசே சொன்ன பிறகு மீண்டும் கதவைத் தட்டுவது மற்றொன்று.

அக்டோபர் 7, மதியம்

"அப்படியானால் தென்னாப்பிரிக்காவில் நடந்தது தவறா?" இல்லை. அங்கே சட்டமன்றம் இறந்த கெடுவை எழுப்பவில்லை. அந்தக் கெடு 1994 முதலே அரசமைப்புக்கு முரணானது, எனவே அது யாருக்கும் உரிமையாக விளையவே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தர்க்கம் உறுதியானது. ஆனால் கூண்டில் நிற்பவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

அக்டோபர் 9

இலங்கையிலிருந்து ஒரு தோழி கேட்டிருக்கிறார். அவருக்கான பதில், மற்றவர்களும் படிக்க வேண்டியது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பிரிவு 456: கொலை, தேசத்துரோகம் இரண்டுக்கும் கெடு இல்லை, வேறு சிறப்பு ஏற்பாடு இல்லாத எல்லாக் குற்றங்களுக்கும் இருபது ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் அதே இருபது. தற்செயல் அல்ல, ரோமன்-டச்சுச் சட்டம் இரண்டு நாடுகளுக்கும் விட்டுப்போன சொத்து அது. வித்தியாசம் என்னவென்றால், தென்னாப்பிரிக்கா வன்புணர்வை விலக்குப் பட்டியலில் வைத்தது. இலங்கையின் விலக்கில் கொலையும் தேசத்துரோகமும் மட்டுமே.

அங்கே இதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியுமா? அரசமைப்பின் உறுப்புரை 80(3), சபாநாயகரின் சான்று பெற்றுச் சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. உறுப்புரை 16, அரசமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. முன்வாசலும் பூட்டு, பின்வாசலும் பூட்டு. அங்கே நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

போர் முடிந்தது 2009 மே மாதம். இருபதைக் கூட்டுங்கள். இறுதி மாதங்களின் பாலியல் வன்முறைகளைச் சாதாரணக் குற்றங்களாக விசாரிக்க விட்டால் 2029இல் கதவு சாத்தப்படும். உறுப்புரை 13(6)இல், உலக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்தவற்றை விசாரிக்கத் தடையில்லை என்று ஒரு வாசகம் உண்டு. சர்வதேசக் குற்றம் என்ற பெயரில் அதைப் பற்றிக்கொண்டு வாதாடலாம். அதற்கு முதலில் வழக்குத் தொடர மனம் உள்ள அரசு வேண்டும். இங்கே நான் விவாதத்தை நிறுத்திக்கொள்கிறேன். அரசியல் பேச வேறு பலர் இருக்கிறார்கள்.

அக்டோபர் 10

நேபாளத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே வன்புணர்வுக்கே ஒரு காலத்தில் 35 நாள்தான் கெடு. நாள்தான், எழுத்துப்பிழை இல்லை. பிறகு ஆறு மாதம், பிறகு ஓராண்டு, 2022இல் இரண்டாண்டு. குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதான பிறகு மூன்றாண்டு. 35 நாளில் என்ன செய்ய முடியும்? காயம் ஆறியிருக்காது.

மறுகோடியில் சுவிட்சர்லாந்து. 2008 நவம்பர் 30 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பருவமடையாத குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குக் கெடுவே கிடையாது என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 51.9 சதவீதம் ஆதரவு. அதை நடைமுறைப்படுத்திய சட்டம் பன்னிரண்டு வயது என்று கோடு போட்டது. அந்த வாக்கெடுப்பு நாளில் ஏற்கெனவே கெடு முடிந்திருந்த வழக்குகளை அவர்கள் தொடவில்லை. அக்டோபர் 7ஆம் தேதி நான் எழுதியதற்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் இதைப் புகழவில்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அக்டோபர் 12

நம் ஊர் கணக்குக்குத் திரும்புகிறேன். வெளிநாட்டுத் தீர்ப்புகளை அடுக்கிவிட்டு வீட்டு வேலையை விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் இன்று மூன்றாண்டுக் கெடுவுக்குள் அடங்கும் பாலியல் குற்றங்கள் எவை? பணியிடத்திலோ வெளியிலோ பாலியல் தொந்தரவு (அதில் ஆபாசமாகப் பேசுவதற்குத் தண்டனை ஓராண்டுதான், எனவே கெடுவும் ஓராண்டு). மறைந்திருந்து பார்த்தல், படம் எடுத்தல், முதல் முறை. பின்தொடர்தல், முதல் முறை. சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மானத்தை அவமதித்தல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 12, அதாவது உடலைத் தொடாமல் குழந்தைக்குக் கொடுக்கும் பாலியல் தொந்தரவு.

கடைசியைப் பாருங்கள். எட்டு வயதுக் குழந்தையிடம் ஒருவர் ஆபாசப் படத்தைக் காட்டுகிறார். கெடு முடியும்போது அந்தக் குழந்தைக்குப் பதினொன்று. தனக்கு நடந்ததற்குப் பெயர் என்ன என்றே அதற்குத் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கை எந்த நீதிமன்றத்தில் நின்றும் நியாயப்படுத்த என்னால் முடியாது, கட்டணம் எவ்வளவு கொடுத்தாலும்.

2018இல் மத்திய சட்ட அமைச்சகம், போக்சோவில் புகார் கொடுக்கக் கெடு இல்லை என்று விளக்கியதே என்பீர்கள். பிரிவு 19இல் புகார் கொடுக்கக் கெடு இல்லைதான். ஆனால் பழைய 468, இப்போதைய 514, தடுப்பது புகாரை அல்ல, நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்பதை. போக்சோவின் பிரிவு 31, சிறப்பு நீதிமன்றத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பொருந்தும் என்கிறது. புகாரை வாங்கிக்கொள்வார்கள், அதற்குப் பிறகு என் சீனியர் போன்ற ஒருவர் தேதியைக் கேட்பார்.

அக்டோபர் 12, மாலை

காவல் நிலையங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் தெரியும். கூடவே கொலை மிரட்டல் பிரிவையும் சேர்ப்பார்கள். அதற்கு ஏழாண்டு வரை தண்டனை. பல குற்றங்களைச் சேர்த்து விசாரித்தால் அதிகத் தண்டனை உள்ளதை வைத்தே கெடு என்று பழைய 468(3), இப்போதைய 514(3), சொல்கிறது. புகாரில் இல்லாத "தீர்த்துவிடுவேன்" என்ற வசனம் எஃப்.ஐ.ஆரில் முளைப்பது இப்படித்தான். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வசனம் பொய் என்று நிரூபித்தால் மொத்த வாக்குமூலமும் ஆட்டம் காணும். நானே அப்படி ஆட்டியிருக்கிறேன். உண்மை சொல்ல வந்தவர் வாயில் சட்டமே ஒரு பொய்யைத் திணித்துவிடுகிறது.

இங்கிலாந்திலும் இந்தக் குறுக்குவழி இருந்தது. பதின்மூன்று முதல் பதினைந்து வயதுவரையான சிறுமியுடன் உறவு கொண்டதற்குப் பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் பன்னிரண்டு மாதக் கெடு. கெடு முடிந்த பிறகு அதே செயலை வேறு குற்றத்தின் பெயரில் வழக்காக்கினார்கள். 2004இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, அது செல்லாது என்றது. கெடுவை நாடாளுமன்றம்தான் எடுக்க வேண்டும், அரசுத் தரப்பு சுற்றிக்கொண்டு போகக் கூடாது. எனக்கும் இதில் உடன்பாடு.

அக்டோபர் 15

முதல் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்று நண்பர் மீண்டும் வந்திருக்கிறார். நியாயம்.

பழைய வழக்கில் எதிர்தரப்பு படும் பாடு பொய்யில்லை. வருகைப் பதிவேடு கிடைக்காது, உடன் வேலை பார்த்தவர் இறந்திருப்பார், வீட்டின் அமைப்பே மாறியிருக்கும். ஆனால் அந்தச் சிரமம் அரசுத் தரப்புக்கும் உண்டு, சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதும் அவர்களே. மறதியின் பலன் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகும். கடுமையான குற்றங்களுக்குக் கெடுவே இல்லாத இங்கிலாந்தில், தாமதத்தால் நியாயமான விசாரணை முடியாது என்று ஆகிவிட்டால் நீதிபதி வழக்கையே நிறுத்திவைக்கலாம். அவர் அந்த வழக்கின் சாட்சியங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார். நாள்காட்டிக்கு அது தெரியாது.

அக்டோபர் 15, இரவு

இதோடு தொடர்புடைய ஒன்று. பணியிடப் பாலியல் தொந்தரவுச் சட்டத்தில் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்க மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம். கடந்த மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு துணைவேந்தர் மீதான புகார் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது என்ற முடிவை உறுதிசெய்தது. கூடவே, அந்தத் தீர்ப்பை அவருடைய தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. புகாரை விசாரிக்க முடியாது, ஆனால் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டும்! நிரூபிக்கப்படாத ஒன்றை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்றால், விசாரித்து முடிவு சொல்லியிருப்பது இரு தரப்புக்கும் நல்லதல்லவா? நண்பர் அஞ்சும் அநியாயம் இங்கே காலவரம்பு இருந்தும் நடந்திருக்கிறது.

அக்டோபர் 18

"பிரிவு 14ஐ வைத்து நாமும் வழக்குப் போடலாமா?" அரசமைப்பின் சமத்துவ உரிமைப் பிரிவு அது. இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி.

போடலாம். கடினம். வகைப்படுத்தலுக்குத் தெளிவான அடிப்படை இருக்க வேண்டும், அது சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும் என்பது 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலிருந்து வரும் அளவுகோல். அரசு சொல்லும்: சிறு குற்றம், பெருங்குற்றம் என்று தண்டனையை வைத்துப் பிரிக்கிறோம், இதில் என்ன தவறு? நாம் சொல்ல வேண்டியது: நோக்கம் விரைந்து புகார் கொடுக்க வைப்பது என்றால், விரைந்து பேச முடியாதது பாலியல் குற்றத்தின் இயல்பு, தண்டனை அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2013 திருத்தத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். அந்த ஆண்டு 354க்குத் தண்டனையை ஐந்தாண்டாக்கியதும் அதன் கெடு தானாக மறைந்தது. பிப்ரவரி 2 அன்று நடந்ததற்குக் கெடு உண்டு, பிப்ரவரி 3 அன்று நடந்ததற்கு இல்லை. பாதிக்கப்பட்டவரின் மனநிலை ஒரே இரவில் மாறிவிட்டதா?

ஆனால் அரசிடம் தென்னாப்பிரிக்காவில் இல்லாத ஒரு கேடயம் இருக்கிறது. பழைய 473, இப்போது 519: நீதியின் நலன் கருதி நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கலாம். கதவு பூட்டப்படவில்லை, சாத்தித்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் மன்னிக்கக் கூடாது என்று 1995இல் டோங்ரே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், முறையும் நியாயமானதாகத் தெரியும்.

அக்டோபர் 18, சற்று நேரம் கழித்து

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். வலுவான காரணம் உள்ள ஒருவர், அந்த எட்டு வயதுக் குழந்தை போன்றவர், வழக்குப் போட்டால் நீதிமன்றம் 519ஐப் பயன்படுத்தித் தாமதத்தை மன்னித்துவிடும். அவருக்கு நிவாரணம் கிடைத்துவிடும். சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் போய்விடும். வேறு வழியில் முடியும் வழக்கில் அரசமைப்புக் கேள்வியைத் தொடாமல் விடுவது நீதிமன்றங்களின் வழக்கம். எனவே மனுதாரராக வேண்டியவர், 519இன் கீழ் கேட்டு மறுக்கப்பட்டவர். மறுத்த உத்தரவில் காரணம் எழுதப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஓர் உத்தரவு யாரிடமாவது இருந்தால், பெயர்களையும் ஊரையும் முழுக்க அடித்துவிட்டு இங்கே போடுங்கள். மனுவின் முதல் வரைவை நான் எழுதுகிறேன். எதிர்வாதத்தை, அவருக்குச் சம்மதம் என்றால், கேள்வி கேட்ட நண்பரே எழுதட்டும்.